அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார் வேலை: கட்சிக்காரரா, தெருவில் போகிறவரா?

கேள்விக்குறி

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஒரு சந்தேகம். அமெரிக்காவில் சில மாநிலங்களில் கட்சியில் சேராதவர்கூட அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று ஓட்டுப் போடலாமாம். இது என்ன நியாயம்? நம் வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை யார் என்று தெருவில் போகிறவர்கள் முடிவு செய்வது மாதிரி இல்லையா?

செயற்குழு, பொதுக்குழு, மூத்த தலைவர்கள் எல்லாம் பிறகு எதற்கு? அவர்கள் கூடிப் பேசி ஒருவரை நிறுத்தட்டும். பிடித்தால் மக்கள் ஜெயிக்க வைக்கட்டும், பிடிக்காவிட்டால் தோற்கடிக்கட்டும். இரண்டு தடவை எதற்குத் தேர்தல்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தேன்

மாப்பிள்ளை தெருவுக்கே வரி போடப் போகிறார் என்றால் தெருவில் போகிறவர் வாயை மூடிக்கொண்டா இருப்பார்?

பழையபேப்பர்

நீங்கள் கேட்கிற மாதிரிதான் அங்கே நெடுங்காலம் நடந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் அரசியல் கட்சி பற்றிய பேச்சே கிடையாது. வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எல்லாம் கட்சிகள் போகிற போக்கில் கட்டிக்கொண்டவை.

முதலில் அந்தந்தக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடி முடிவு செய்தார்கள். அதற்குக் காகஸ் என்று பெயர். அதன் செல்வாக்கைக் கிண்டல் செய்ய 'காகஸ் ராஜா' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். 1824இல் அந்த ராஜா கவிழ்ந்தார். கூட்டத்துக்கு அறுபத்துச் சொச்சம் பேர்தான் வந்தார்கள், பெரும்பாலோர் புறக்கணித்தார்கள். வந்தவர்கள் வில்லியம் கிராஃபோர்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரோ அதற்கு முந்தைய வருஷம்தான் பக்கவாதத்தில் விழுந்தவர். மற்ற மூவரும் 'நீ என்ன சொல்வது' என்று தனித்தனியாக நின்றார்கள். ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு அதிக ஓட்டு, ஆனால் பெரும்பான்மை இல்லை. கடைசியில் நாடாளுமன்றக் கீழவை ஜான் குவின்சி ஆடம்ஸை அதிபராக்கியது.

அப்புறம் மாநாடு வந்தது, அதாவது மாநிலங்களிலிருந்து வரும் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது. 1831இல் பால்டிமோரில் முதல் தேசிய மாநாட்டை நடத்தியது பெரிய கட்சி எதுவும் இல்லை, மேசன் எதிர்ப்புக் கட்சி என்ற சின்னக் கட்சி. அடுத்த வருஷமே ஜனநாயகக் கட்சி அதைப் பிடித்துக்கொண்டது. சும்மா பிடிக்கவில்லை, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால்தான் வேட்பாளர் என்று ஒரு விதியையும் சேர்த்துக்கொண்டது. அது 1936 வரை உயிரோடு இருந்தது. அந்த விதி என்ன பாடு படுத்தியது என்பதற்கு 1924 நியூயார்க் மாநாடு போதும்.

ஜூன் 24 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடினார்கள். ஒரு பக்கம் வில்லியம் மெக்காடூ, கிராமப்புற, புராட்டஸ்டண்ட், மதுவிலக்கு ஆதரவு ஆட்கள். மறுபக்கம் நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித், கத்தோலிக்கர், மதுவிலக்கு எதிர்ப்பு. வேண்டியது 732 ஓட்டு, இருவருக்கும் எட்டவில்லை. ஆனால் மற்றவர் ஜெயிக்காமல் தடுக்கிற அளவுக்கு இருவரிடமும் ஓட்டு இருந்தது. அந்த வருஷம்தான் கட்சி மாநாடுகளை முதல்முறையாக வானொலியில் ஒலிபரப்பினார்கள். அகரவரிசையில் முதல் மாநிலம் அலபாமா. ஒவ்வொரு சுற்றும் அதன் ஆளுநர் எழுந்து, 'அலபாமா, ஆஸ்கர் அண்டர்வுட்டுக்கு இருபத்து நான்கு ஓட்டு' என்று முழங்குவார். பத்தாவது சுற்று, முப்பதாவது சுற்று, எழுபதாவது சுற்று, அதே இருபத்து நான்கு. வானொலி கேட்டவர்களுக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

103ஆவது சுற்றில், ஜூலை 9 அன்று, இரண்டு பேரும் விலகி, யாருக்கும் பெரிய பகை இல்லாத ஜான் டேவிஸ் என்ற வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பரில் அவர் படுதோல்வி. 29 சதவீதம் ஓட்டுகூட வரவில்லை.

கேள்விக்குறி

அட, 103 சுற்றா! சரி, அது அந்த விதியின் கோளாறு. பெரியவர்கள் கூடி முடிவெடுப்பதில் என்ன கோளாறு? லிங்கனும் மாநாட்டில்தானே வந்தார்?

பழையபேப்பர்

ஆமாம். 1860, சிகாகோ. முதல் சுற்றில் சூவர்ட் 173½, லிங்கன் 102. அன்றைக்கு நாடு முழுக்க ஓட்டெடுத்திருந்தால் லிங்கன் கிட்டத்தில்கூட வந்திருக்க மாட்டார். சூவர்டை அவர் ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் இழுபறியான மாநிலங்களில் அவரை வைத்து ஜெயிக்க முடியாது என்று மாநிலத் தலைவர்கள் கணக்குப் போட்டார்கள். மூன்றாவது சுற்றில் லிங்கன். இது பேரம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேட்பாளரோடு பழகியவர்கள், அவர் பொறுமை, முன்கோபம், குடிப்பழக்கம் வரை தெரிந்தவர்கள் செய்த பேரம். இப்போது தொலைக்காட்சி பார்த்து ஓட்டுப் போடுகிறவருக்கு அது தெரியுமா? என் வாக்கு அந்தப் பெரியவர்களுக்குத்தான். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

நீலக்குடை

திட்டுகிறேன். அதே பெரியவர்கள்தான் 1920இல் சிகாகோ ஹோட்டல் அறையில் சுருட்டுப் புகைக்கு நடுவில் வாரன் ஹார்டிங்கைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வார்கள். 'புகை மண்டிய அறை' என்ற சொல்லே அங்கிருந்துதான் பரவியது. ஹார்டிங் ஆட்சியின் ஊழல் பட்டியலைத் தனி இழையில் போடலாம்.

அதைவிட முக்கியம், அந்த அறைக்குள் யாரை விட்டார்கள் என்பது. 1964, அட்லாண்டிக் சிட்டி, ஜனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பியிலிருந்து வந்த பிரதிநிதிகள் எல்லோரும் வெள்ளையர்கள். கறுப்பினத்தவரை ஓட்டுப் பதியவே விடாத மாநிலம் அது. பஞ்சுத் தோட்டத்தில் வேலை பார்த்த ஃபேனி லூ ஹேமர் என்ற அம்மா, சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற மாற்று அணியோடு வந்து, ஓட்டுரிமை கேட்டதற்காகத் தன்னைச் சிறையில் எப்படி அடித்தார்கள் என்று, யாரைப் பிரதிநிதியாக ஏற்பது என்று முடிவு செய்யும் சான்றுக் குழு முன்னால் சொன்னார். தொலைக்காட்சியில் அது நேரடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, அதிபர் ஜான்சன் திடீரென்று ஒரு செய்தியாளர் சந்திப்பை வைத்து கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். அன்று இரவு எல்லாத் தொலைக்காட்சிகளும் அந்த அம்மாவின் பேச்சை மறுபடி போட்டது வேறு கதை. கடைசியில் மாற்று அணிக்கு இரண்டே இரண்டு இருக்கை தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள்.

பெரியவர்கள் பழகித் தெரிந்துகொண்டுதான் தேர்ந்தெடுத்தார்கள், சரி. யாரோடு பழகினார்கள் என்று பாருங்கள் ஐயா.

பழையபேப்பர்

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வாங்கிக்கொள்கிறேன்.

எண்கணக்கு

பேச்சு 1964க்கு வந்ததால் 1968க்குப் போய்விடலாம். இப்போதிருக்கும் முறை பிறந்தது அந்த வருஷ ரகளையில்தான்.

அதற்கு முன்பும் பிரைமரி தேர்தல்கள், அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று மாநில வாக்காளர்கள் ஓட்டுப் போடும் தேர்தல்கள், இருந்தன. ஆனால் பெரும்பாலும் ஒப்புக்குத்தான். 1952இல் கீஃபாவர் என்ற செனட்டர் 15 பிரைமரியில் 12ஐ ஜெயித்தார், மாநாடு அவரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு ஸ்டீவன்சனை நிறுத்தியது. பிரைமரி என்பது தலைவர்களுக்குக் காட்டும் ஒரு பரிசோதனை மாதிரி. 1960இல் கென்னடி மேற்கு வர்ஜீனியாவில் ஜெயித்தது அப்படித்தான். புராட்டஸ்டண்ட் மாநிலத்தில் ஒரு கத்தோலிக்கர் ஜெயிக்க முடியும் என்று கட்சித் தலைகளுக்குக் காட்டினார். ஓட்டுப் போட்டது மக்கள், பார்த்து முடிவெடுத்தது தலைவர்கள்.

1968இல் வியட்நாம் போர் எதிர்ப்பாளர்கள் மெக்கார்த்தி, ராபர்ட் கென்னடி இருவருக்கும் ஓட்டுப் போட்டார்கள். அதிபர் ஜான்சன் மார்ச் 31 அன்று போட்டியிலிருந்து விலகினார். ஜூனில் ராபர்ட் கென்னடியைச் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்டில் சிகாகோ மாநாடு, ஒரு பிரைமரியிலும் நிற்காத துணை அதிபர் ஹம்ஃப்ரிக்கு வேட்பாளர் பதவியைக் கொடுத்தது. வெளியே தெருவில் போலீஸ் தடியடி. பல மாநிலங்களில் பிரதிநிதிகளை 1968 பிறப்பதற்கு முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள் என்றால் பாருங்கள். போர் பற்றி என்ன நினைத்து என்ன பயன், ஆட்களைத்தான் போன வருஷமே பிடித்து வைத்தாயிற்றே.

நவம்பரில் ஹம்ஃப்ரி தோற்ற பிறகு கட்சி ஒரு குழு போட்டது, மெக்கவர்ன், அப்புறம் ஃபிரேசர் தலைமையில். அந்தக் குழு எங்கேயும் 'பிரைமரி நடத்து' என்று உத்தரவு போடவில்லை. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் வெளிப்படையாக, எல்லோருக்கும் அறிவித்து, அந்தந்தத் தேர்தல் ஆண்டிலேயே நடக்கவேண்டும், பெண்கள், இளைஞர்கள், கறுப்பினத்தவர் இருக்கவேண்டும் என்றது. மாநிலக் கட்சிகள் பார்த்தன. இத்தனை விதியையும் கூட்டம் போட்டுக் காப்பாற்றுவதைவிட, அரசாங்கம் செலவில் பிரைமரி வைத்துவிட்டால் தொல்லை விட்டது. அப்படி வளர்ந்ததுதான் இப்போதைய முறை. விதி எழுதியவரே, அதாவது மெக்கவர்னே, 1972இல் வேட்பாளரானார். வாய்க்கால் எங்கே ஓடும் என்று வெட்டினவருக்குத் தெரியாதா?

நவம்பரில் 50 மாநிலங்களில் 49ஐ இழந்தார்.

சும்மா_வந்தேன்

ஆக, பெரியவர்கள் தேர்ந்தெடுத்த டேவிஸும் தோற்றார், மக்கள் தேர்ந்தெடுத்த மெக்கவர்னும் தோற்றார். சமன். இழையை மூடிவிடலாமா?

குளிர்காலம்

மூடாதீர்கள், நான் எழுத ஆசைப்பட்டுக் காத்திருக்கிறேன். படிப்புக்காக அயோவாவில் இருந்தபோது, 2016 பிப்ரவரி 1 அன்று ஜனநாயகக் கட்சிக் காகஸ் ஒன்றை வேடிக்கை பார்த்திருக்கிறேன். இது பழையபேப்பர் சொன்ன காகஸ் இல்லை, பிரைமரிக்குப் பதிலாக ஊர்க்காரர்கள் கூடி வேட்பாளருக்கு ஆதரவு காட்டும் கூட்டம். ஓட்டு இல்லாதவர்களும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறை. ஓட்டுப் பெட்டி, திரை எதுவும் கிடையாது. சுவரில் வேட்பாளர் பெயர் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. கிளின்டன் ஆட்கள் ஜன்னல் பக்கம், சாண்டர்ஸ் ஆட்கள் பால் குளிர்பெட்டி பக்கம், ஓமாலி ஆட்கள் ஒன்பது பேர் ஒரு மேசையைச் சுற்றி. ஓட்டு என்றால் ஆளே போய் நிற்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். வரிசையாகக் கையைத் தூக்கி 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று சத்தமாக எண்ணிக் கையை இறக்குவார்கள். யாராவது நடுவில் இருமினால் மறுபடி முதலிலிருந்து.

மொத்தம் 112 பேர். 15 சதவீதத்துக்குக் குறைந்த கூட்டத்துக்குக் கணக்கில் இடம் இல்லை. அதாவது 17 பேராவது வேண்டும். ஓமாலி மேசையில் ஒன்பது. அவ்வளவுதான், இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் அந்த மேசைக்கு ஓடினார்கள். அரை மணி நேரம் அந்த ஒன்பது பேருக்கும் ராஜ மரியாதை. ஒரு பாட்டி மட்டும் யார் பேச்சுக்கும் அசையாமல், கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கிளம்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து ஜன்னல் பக்கம் நின்றார். கடைசி எண்ணிக்கை 56, 56.

அந்தச் சாவடிக்கு ஐந்து பிரதிநிதி. 56ஐ ஐந்தால் பெருக்கி 112ஆல் வகுத்தால் ஆளுக்கு இரண்டரை. இரண்டரை மனிதரை அனுப்ப முடியாதே. தலைவராக இருந்தவர் பாக்கெட்டில் கையை விட்டு ஒரு நாணயத்தை எடுத்தார். சுண்டிப் போட்டு ஐந்தாவது ஆளை முடிவு செய்தார்கள். அன்றிரவு அயோவாவில் வேறு சில இடங்களிலும் இப்படி நாணயம் சுண்டினார்கள் என்று மறுநாள் செய்தியில் பார்த்தேன்.

பழையபேப்பர் சார், பெரியவர்கள் அறைக்கும் இதற்கும் நடுவில் எனக்கு இதுதான் பிடித்திருந்தது. பேசினார்கள், மனம் மாறினார்கள். ஆனால் ராத்திரி வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தைக்காரர் யாரும் அங்கே இல்லை என்பதும் கண்ணில் பட்டது.

எண்கணக்கு

அருமை. அயோவா மற்ற மாநிலங்களுக்கு முந்தி முதலில் வந்தது ஏன் என்பதும் இந்த இழையோடு சேர்ந்ததுதான். புது விதிப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் இடைவெளி விடவேண்டும். அயோவாவில் சாவடி, மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, மாநிலம் என்று நான்கு கட்டம். பின்னாலிருந்து நாள் எண்ணிக்கொண்டே வந்தால் முதல் கூட்டம் 1972 ஜனவரியில் வந்து விழுந்தது. பழைய நகலெடுக்கும் இயந்திரம் மெதுவாக ஓடியதும் ஒரு காரணம் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். யாரும் திட்டமிட்டு முதலிடம் கொடுக்கவில்லை. 1976இல் கார்ட்டர் அங்கே ஒரு வருஷமாக வீடு வீடாகப் போய்ச் சுமார் 28 சதவீதம் வாங்கினார். முதலிடம் 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்ற பெட்டிக்கு, சுமார் 37 சதவீதம். பத்திரிகைகள் கார்ட்டர் ஜெயித்தார் என்று எழுதின. அவர் அதிபரானார்.

2012இல் குடியரசுக் கட்சி அயோவாவில் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அன்றிரவு அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, சாண்டோரம் 34 ஓட்டு அதிகம் என்றார்கள். அதற்குள் ஊர்வலம் அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

இனி என் பங்குக்கு ஒரே ஒரு விஷயம். யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்று எல்லோரும் சண்டை போடுகிறீர்கள். ஓட்டை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதில்தான் பாதி விளையாட்டு. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் தாண்டினால் விகிதப்படி பங்கு. குடியரசுக் கட்சியில் பல மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே எல்லாம், அல்லது பெரும்பகுதி. 2016 தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம், அள்ளியது 50க்கு 50 பிரதிநிதி. 17 பேர் நின்ற போட்டியில், பிரைமரி முழுக்க அவர் வாங்கிய ஓட்டு சுமார் 45 சதவீதம். ஜனநாயகக் கட்சி விதியில் அதே ஓட்டுகள் விழுந்திருந்தால், மாநாடு வரை இழுத்திருக்க வாய்ப்பு உண்டு. டிரம்ப் பிடிக்கும் பிடிக்காது என்பது வேறு. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

எதிர்ப்பக்கமும் கேளுங்கள். 2008 நெவாடா காகஸில் ஹிலாரி கிளின்டனுக்குக் கூடுதல் ஆதரவு, ஆனால் பிரதிநிதிகள் ஒபாமாவுக்கு 13, அவருக்கு 12. மாநிலத்துக்குள்ளே எந்தப் பகுதிக்கு எத்தனை பிரதிநிதி என்று ஒபாமா ஆட்கள் வரைபடத்தை வைத்துப் படித்திருந்தார்கள்.

கேள்விக்குறி

என் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கட்சியில் சேராதவர் ஓட்டு?

எண்கணக்கு

மன்னிக்கவும். மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில இடங்களில் அந்தக் கட்சிக்காரராகப் பதிந்தவருக்கு மட்டும். மிஷிகன் மாதிரிச் சில மாநிலங்களில் கட்சிப் பதிவே கிடையாது, வந்து எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். 2000இல் மிஷிகனில் மெக்கெய்ன் புஷ்ஷைத் தோற்கடித்தது அப்படி உள்ளே வந்த வெளியாட்கள் தயவில்தான். கடைசியில் புஷ்தான் வேட்பாளர், அது வேறு.

நீலக்குடை

வெளியாளைக் கூப்பிடுவதில் பிரான்ஸைப் பார்க்கலாம். அங்கே 2011இல் சோஷலிஸ்டுகள் கதவைத் திறந்தார்கள். இடதுசாரி மதிப்பீடுகளை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு ஒரு யூரோ கொடுத்தால் போதும். 25 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். ஒல்லாந்த் ஜெயித்தார், அதிபரும் ஆனார். ஆஹா, வழி கிடைத்தது என்று 2016இல் வலதுசாரிக் கட்சியும் கதவைத் திறந்தது, இரண்டு யூரோ. 40 லட்சத்துக்கு மேல் வந்து, முன்னாள் அதிபர் சர்க்கோசியை முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பி, ஃபியோனைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டே மாதத்தில் மனைவிக்குச் செய்யாத வேலைக்குச் சம்பளம் கொடுத்தார் என்று பத்திரிகையில் வந்தது. அவரை மாற்ற முடியவில்லை. 40 லட்சம் பேர் கொடுத்த இடத்தை எந்தச் செயற்குழு பறிக்கும்? மூன்றாமிடம். அதே வருஷம் சோஷலிஸ்டுகள் பிரைமரியில் வந்த அமோன் 6.36 சதவீதம். எந்தப் பிரைமரியிலும் நிற்காத மக்ரோன் அதிபர்.

அடுத்த தடவை வலதுசாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு, கட்சி உறுப்பினர் மட்டும் ஓட்டுப் போட்டு பெக்ரெஸ் அம்மையாரைத் தேர்ந்தெடுத்தார்கள். 4.78 சதவீதம். 5 சதவீதம் தாண்டாவிட்டால் பிரசாரச் செலவில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்காது. அந்த அம்மா மறுநாளே நன்கொடை கேட்டார்.

பழையபேப்பர்

இப்போது என் கட்சிக்கு வாருங்கள்! ஒரு தடவை தோற்றதும், தோற்ற காரணத்தைச் சரிசெய்ய விதியை மாற்றுகிறார்கள். அடுத்த பூதம் வேறு ஜன்னல் வழியாக வருகிறது. மெக்கவர்ன் தோற்றார், கார்ட்டர் 1980இல் தோற்றார். உடனே ஜனநாயகக் கட்சி 1984 முதல் 'சூப்பர் டெலிகேட்' என்று தலைவர்களை மறுபடி வாசல் வழியாக உள்ளே கூட்டிவந்தது. 2016இல் சாண்டர்ஸ் ஆட்கள் அதைக் கண்டு கொதித்தார்கள், 2018இல் 'முதல் சுற்றில் உங்களுக்கு ஓட்டுக் கிடையாது' என்று அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்தார்கள்.

அப்புறம் 2024. பைடன் பிரைமரிகளை எல்லாம் ஜெயித்துவிட்டு ஜூலை 21 அன்று விலகினார். அவர் பெயரில் வந்த பிரதிநிதிகள் இணைய வழி வாக்கெடுப்பில், மாநாட்டுக்கு முன்பே, கமலா ஹாரிஸைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தன் பெயரில் அந்த வருஷம் ஒரு பிரைமரியும் ஜெயிக்காத துணை அதிபர். மாநாடு எங்கே? சிகாகோவில். 1968ஐ மறக்கத்தான் 50 வருஷமாக விதி எழுதினார்கள், அந்த விதிகளே 1968 வாசலில் கொண்டுபோய் விட்டன.

சும்மா_வந்தேன்

ஒரு வித்தியாசம், இந்தத் தடவை உள்ளே யாரும் அடித்துக்கொள்ளவில்லை.

வடகரை

வணக்கம் உறவுகளே. இலங்கையிலிருந்து ஒரு பங்கு. எங்கள் நாட்டில் ஜனாதிபதி வேட்பாளரை மக்கள் ஓட்டில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் எந்தக் கட்சிக்கும் இல்லை. செயற்குழு கூடும், அல்லது ஒரு குடும்பம் கூடும். அதைவிட விசேஷம், 'பொது வேட்பாளர்'. பல கட்சிகள் சேர்ந்து, யாருடைய கட்சியிலும் முதலிடத்தில் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடிப்பது. 2010இல் சரத் பொன்சேகா, அன்னம் சின்னம், தோல்வி. 2014 நவம்பர் 21 அன்று, ஆளும் கட்சியின் பொதுச் செயலாளராகவும் சுகாதார அமைச்சராகவும் இருந்த மைத்திரிபால சிறிசேன, எதிரணியின் பொது வேட்பாளராக வந்து நின்றார். அதே அன்னம். 2015 ஜனவரியில் வென்றார். வென்ற கையோடு, தன்னை எதிர்த்த தன் பழைய கட்சிக்கே தலைவரானார். நாடு பிரமித்தது. இதில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்ததா, வேட்பாளர் கட்சியைத் தேர்ந்தெடுத்தாரா?

2024இல் தமிழ்த் தரப்பில் அரியநேத்திரனைப் பொது வேட்பாளராக நிறுத்தினார்கள், சங்கு சின்னம். அவர் தமிழரசுக் கட்சிக்காரர். கட்சியோ சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக முடிவெடுத்தது. கட்சி ஒரு பக்கம், கட்சிக்காரர் ஒரு பக்கம், வாக்காளர் வீட்டுக்குள்ளேயே இரண்டு பக்கம். அவருக்கு 2 இலட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. வெல்ல முடியாது என்று நிறுத்தியவர்களுக்கும் தெரியும். வெல்வதற்காக மட்டும்தான் வேட்பாளரை நிறுத்தவேண்டும் என்று இங்கே எல்லோரும் எண்ணிக்கொண்டு பேசுகிறீர்கள், அதற்காகச் சொன்னேன்.

நீலக்குடை

இது நல்ல இடி. எண்ணிக் கொண்டிருந்ததை ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. கட்சிக்கு எதிராகக் கட்சிக்காரர் என்றால் இந்தியாவின் 1969 குடியரசுத் தலைவர் தேர்தலும் நினைவுக்கு வருகிறது. காங்கிரஸ் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியின் மனுவில் கையெழுத்துப் போட்ட இந்திரா காந்தியே பிறகு 'மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்' என்று திருப்பினார், வி.வி. கிரி ஜெயித்தார், கட்சி உடைந்தது. அங்கே மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை என்பதால் இதற்குமேல் இழுக்கவில்லை.

எண்கணக்கு

கேள்விக்குறி கேட்ட 'பெரியவர் ஒருவர் முடிவெடுக்கட்டும்' முறையின் உச்சம் மெக்சிகோ. புரட்சிகர நிறுவனக் கட்சி 71 வருஷம் ஆண்டது. பதவியிலிருக்கும் அதிபர் அடுத்தவரை விரலைக் காட்டிச் சொல்வார், அதற்கு 'டெடாசோ' என்று பெயர், விரல்காட்டு என்று சொல்லலாம். அதுவரை யார் என்று தெரியாத அந்த ஆளுக்கு 'தபாதோ', முக்காடு போட்டவர். 1999இல் அவர்களும் பிரைமரி வைத்தார்கள், 2000இல் ஆட்சியை இழந்தார்கள். இப்போது ஆளும் மொரேனா கட்சி 2023இல் கருத்துக் கணிப்பு நடத்தி கிளாடியா ஷெயின்பாமைத் தேர்ந்தெடுத்தது. ஓட்டுச் சாவடியே இல்லை, வீடு வீடாகப் போய் மாதிரி எடுத்துக் கேட்டார்கள். தோற்ற எப்ரார்ட் கணிப்பில் தில்லுமுல்லு என்றார்.

தென் கொரியாவும் கணிப்புப் பிரியர்கள்தான். 2002இல் ரோ மூ-ஹ்யூனும் சுங் மோங்-ஜூனும் ஒரே கணிப்பை வைத்து யார் நிற்பது என்று முடிவு செய்தார்கள். ரோ ஜெயித்தார். தேர்தலுக்கு முந்தின நாள் இரவு சுங் ஆதரவைத் திரும்பப் பெற்றார். ஆனாலும் ரோ அதிபர்.

இன்னும் புதுசு ஒன்று. 2025 மே மாதம், அங்கே மக்கள் சக்திக் கட்சி முறைப்படி கிம் மூன்-சூவைத் தேர்ந்தெடுத்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, மே 10 அன்று விடிவதற்கு முன்பே கட்சித் தலைமை அவர் வேட்பாளர் பதவியை ரத்து செய்து, முன்னாள் பிரதமர் ஹான் டக்-சூவுக்கு மாற்ற வேலை பார்த்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வேட்புமனு வாங்கினார்கள். யார் மனு போடுவார்கள் அந்த நேரத்தில்? காத்திருந்த ஒருவர்தான் போடுவார். அன்றே உறுப்பினர்களிடம் தொலைபேசி வழியாக ஓட்டுக் கேட்டார்கள், அவர்கள் மாட்டோம் என்றார்கள். இரவுக்குள் கிம் மறுபடி வேட்பாளர்.

கேள்விக்குறி

சரி, 'பெரியவர்கள் கூடிப் பேசட்டும்' என்று எழுதியதைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்குக் கூடும் பெரியவர்களை நம்ப முடியாது. மீதிப் பாதியை வைத்துக்கொள்கிறேன். ஃபியோன் விஷயத்தில் 40 லட்சம் பேர் தேர்ந்தெடுத்ததைக் கட்சி மாற்ற முடியாமல் போனதே, அது என்னை உறுத்துகிறது.

பழையபேப்பர் சாருக்குக் கடைசியாக ஒன்று. இத்தனை மாநாடு பார்த்திருக்கிறீர்கள் (படித்திருக்கிறீர்கள்). தேர்ந்தெடுக்கப்பட்டவர் 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னது உண்டா?

பழையபேப்பர்

உண்டு, 1880 சிகாகோ. (சிகாகோவை விட்டால் இவர்களுக்கு ஊரே கிடைக்காது போல.) குடியரசுக் கட்சி மாநாட்டில் கிரான்ட்டும் பிளெய்னும் முப்பது சுற்றுக்கு மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஜேம்ஸ் கார்ஃபீல்ட் அங்கே வந்தது ஜான் ஷெர்மனுக்காகப் பேச. 34ஆவது சுற்றில் விஸ்கான்சின் திடீரென்று 16 ஓட்டைக் கார்ஃபீல்டுக்குப் போட்டது. அவர் பதறி எழுந்து, என் சம்மதம் இல்லாமல் என் பெயரைச் சொல்லி ஓட்டுப் போட யாருக்கும் உரிமை இல்லை என்று ஆட்சேபம் கிளப்பினார். ஆட்சேபம் செல்லாது, உட்காருங்கள் என்றார் தலைவர். 36ஆவது சுற்றில் அவரே வேட்பாளர்.